பார்க்கிங் லைட்டில் கோர்த்த அலாரமும் காலையில் செல்ஃப் எடுக்காத காரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டிக்குச் சுமார் 15 வயது. விளக்குகள் எல்லாமே இழை பல்புகள், எல்.இ.டி. எதுவும் இல்லை. விளக்குகளை ஆட்டிவைக்கத் தனியாக ஒரு கம்ப்யூட்டரும் கிடையாது. சுவிட்சைத் திருப்பினால் கரண்ட் ஃப்யூஸ் வழியாக நேரே பல்புக்குப் போகும் பழைய முறை. கம்பெனியிலிருந்து வந்தபோது அலாரம் இல்லை. வண்டிக்காரர் இரவில் தெருவோரம் நிறுத்துபவர் என்பதால் வெளியில் ஒரு அலாரம் வாங்கிப் பொருத்தச் சொல்லியிருக்கிறார்.

அலாரம் சாதாரண வகைதான். இரண்டு ரிமோட், ஒரு ஷாக் சென்சார், தனக்குள்ளேயே சின்ன பேட்டரி வைத்திருக்கும் சைரன், அப்புறம் விளக்குகளுக்கென்று ஒரே ஒரு வெள்ளை ஒயர். பூட்டினால் பார்க்கிங் லைட் ஒரு முறை மின்னும், திறந்தால் இரண்டு முறை, திருடன் கை வைத்தால் சைரனோடு சேர்ந்து விடாமல் மின்னும். அந்த வெள்ளை ஒயரில் 12 வோல்ட் பாசிட்டிவ் வரும், உள்ளே அதற்கு ஒரு ரிலே (சின்ன கரண்டில் காயில் காந்தமாகி முனைகளை இழுத்து, பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்), 10 ஆம்பியர் ஃப்யூஸ்.

இந்தக் காரைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. இதில் இடது பக்க பார்க்கிங் லைட்டும் வலது பக்க பார்க்கிங் லைட்டும் தனித்தனி சர்க்யூட், தனித்தனி ஃப்யூஸ். வண்டி ஒயரிங் முனைகளுக்கு எண் கொடுக்கும் டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தில் பார்க்கிங் லைட்டின் எண் 58. இரண்டு பக்கமும் பிரிந்திருக்கும் வண்டிகளில் அது 58 எல், 58 ஆர் என்று இரண்டாகும். இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. சாவியை எடுத்துவிட்டு இண்டிகேட்டர் லீவரை ஒரு பக்கம் தள்ளி வைத்தால், அந்தப் பக்கத்து முன் விளக்கும் பின் விளக்கும் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இருட்டான குறுகிய தெருவில் வண்டியை நிறுத்தும்போது போக்குவரத்துப் பக்கம் மட்டும் வெளிச்சம் காட்டிவிட்டு, பேட்டரியையும் அதிகம் தின்னாமல் இருக்க ஏற்பாடு. இந்த வசதி இருப்பதே வண்டிக்காரருக்குத் தெரியாது. கையேட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்.

புகார் வளர்ந்த விதம்

அலாரம் பொருத்தியவர் இடது வலது இரண்டு ஒயரையும் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். ஓட்டுநர் கால் பக்கத்துப் பேனலுக்குள் பின் விளக்குகளுக்குப் போகும் ஒயர்க்கட்டு ஓடுகிறது, அதில் சாம்பல்-கறுப்பு ஒன்று, சாம்பல்-சிவப்பு ஒன்று. இரண்டிலிருந்தும் கிளை எடுத்து, சேர்த்து முறுக்கி, வெள்ளை ஒயரில் கோர்த்துவிட்டார். ரிமோட்டை அழுத்தினால் நாலு மூலையும் மின்னியது. பார்ப்பதற்கு வேலை முடிந்தது.

கொஞ்ச நாளில் ஒரு காலை செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிக்கு 4 வயதாகியிருந்ததால் யாரும் யோசிக்கவில்லை, புதுசு போட்டார்கள், நியாயமான முடிவுதான். புதுசும் இறங்கியது. அதுவும் தினமும் இல்லை. சில நாள் நன்றாக இருக்கும், திடீரென்று ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும்.

இரண்டாவதாகப் போன இடத்தில் அலாரம்தான் கரண்ட் குடிக்கிறது என்று முடிவு செய்தார்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருப்பது தப்பு என்பதையும் அங்கே கவனித்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். முறுக்கைப் பிரித்து, நடுவில் ஒரு 5 பின் ரிலே வைத்தார்கள். ரிலேயிலிருந்து கரண்ட் வெளியே போகும் பின்னின் எண் 87, அந்த ரிலேயில் 87 என்று இரண்டு பின் இருந்தது. ஒன்றில் இடது, இன்னொன்றில் வலது. யோசனை சரி. ஆனாலும் பேட்டரி மறுபடி இறங்கியது, இந்த முறை சத்தத்தோடு. வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே விழுந்ததும், யாரோ பேட்டரி ஒயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து சைரன் தன் சொந்த பேட்டரியில் கத்த ஆரம்பித்துவிட்டது. விடிவதற்கு வெகு நேரம் முன்பு, தெருவே எழுந்துவிட்டது.

வெறுத்துப்போய் வண்டிக்காரர் அலாரத்தின் மெயின் ஃப்யூஸையே கழற்றி வைத்தார். அதற்குப் பிறகும் ஒரு நாள் பேட்டரி இறங்கியது. அப்படியானால் அலாரத்தில் பிரச்சினை இல்லை, காரின் ஒயரிங்கே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கேட்டால் யாருக்குமே அப்படித்தான் தோன்றும்.

முதல் சோதனைகளும் பக்கத்து வீட்டுக்காரரும்

முதலில் பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றினோம். அப்புறம் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் குழியில் வைத்து, நடுவில் தொடராக மாட்டினோம். கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்து, அலாரத்தையும் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மீட்டர் 40 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கடிகாரம், ரேடியோவின் நினைவகம், அலாரம் எல்லாம் சேர்த்து இது சாதாரணம். இந்தக் கணக்கில் 12 மணி நேரத்துக்கு அரை ஆம்பியர் ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) கூட ஆகாது. இதற்கு முன் பார்த்தவர்களும் இதையேதான் அளந்திருப்பார்கள், ஒன்றும் இல்லை என்று விட்டிருப்பார்கள்.

மீட்டரை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். பேட்டரி இறங்கிய நாட்களில் வேறு என்ன நடந்தது என்று கேட்டபோது, அவர் ஒரு பொருட்டாக நினைக்காமல் சொன்ன ஒரு விஷயம் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை, "தம்பி, ராத்திரி உங்க வண்டியில லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றாராம். இவர், "அலாரம் போட்டா லைட் எரியும்ங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அலாரம் போட்டால் ஒரு முறை மின்னும், எரிந்துகொண்டே இருக்காது. எங்களுக்கு ரிலே ஒட்டிக்கொண்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அலாரத்தின் ஃப்யூஸ் வெளியே இருந்த நாளிலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, வண்டியைப் பூட்டிவிட்டுப் போகும்போது விளக்கு எரிந்ததாக வண்டிக்காரரும் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில் நிறுத்தினால் 5 வாட் பல்பு எரிவது கண்ணில் படாது என்பதும் நிஜம்தான்.

வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டோம். இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி, பிரேக் பிடித்து, சாவியை எடுப்பேன் என்றார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினால்தான் லீவர் தானாக நடுவுக்கு வரும். லேசாக ஓரம் கட்டும்போது வராது. சாவி எடுத்ததும் இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தமும் நின்றுவிடும், லீவர் அங்கேயே கிடக்கும்.

சரி என்று சாவியை வெளியே எடுத்து, லீவரை இடது பக்கம் தள்ளினோம். மீட்டர் 3.3 ஆம்பியருக்குத் தாவியது. வெளியே போய்ப் பார்த்தால் நாலு மூலையும் எரிகிறது, நம்பர் பிளேட் லைட் எரிகிறது, டேஷ்போர்டு எரிகிறது. எரிந்திருக்க வேண்டியது இடது முன், இடது பின், இரண்டே பல்பு.

கணக்கு

இடது பக்கம் முன்னால் 5 வாட், பின்னால் 5 வாட், ஆக 10 வாட். கிட்டத்தட்ட 0.85 ஆம்பியர். 12 மணி நேரம் எரிந்தால் 10 ஆம்பியர் ஹவர். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி அதைத் தாங்கிக்கொண்டு காலையில் வண்டியைக் கிளப்பிவிடும். அலாரம் வருவதற்கு முன் பல வருடம் இவர் லீவரை இப்படி விட்டுத்தான் போயிருப்பார், ஒன்றும் தெரிந்திருக்காது.

வலது பக்கத்து ஃப்யூஸில் வலது முன், வலது பின் தவிர, நம்பர் பிளேட்டின் இரண்டு 5 வாட் பல்பும் டேஷ்போர்டு, சுவிட்சுகளின் சின்னச் சின்ன பல்புகளும் தொங்குகின்றன. அதோடு சேர்த்தால் மொத்தம் சுமார் 40 வாட், 3.3 ஆம்பியர். அதே 12 மணி நேரத்துக்கு 40 ஆம்பியர் ஹவர். பேட்டரியில் மிச்சம் ஒன்றும் இருக்காது. லீவர் நடுவில் இருந்த நாள் வண்டி கிளம்பியது, பக்கவாட்டில் இருந்த நாள் கிளம்பவில்லை. பட்டறைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் லீவர் நடுவில் இருந்திருக்கும்.

ரிலேயின் இரண்டு 87

இடதும் வலதும் எங்கேயோ இணைந்திருக்கின்றன என்பது உறுதி. இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: பார்க்கிங் லைட்டை சாதாரணமாகச் சுவிட்சில் போட்டுவிட்டு, இடது பக்கத்து ஃப்யூஸை மட்டும் பிடுங்க வேண்டும். இடது விளக்குகள் அணைய வேண்டும். அணையவில்லை, வலது ஃப்யூஸிலிருந்து வந்த கரண்டில் எரிந்துகொண்டே இருந்தன. (இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பக்க ஃப்யூஸ் நிஜமாகவே போனாலும் யாருக்கும் தெரியாது, இரண்டு பக்கத்துச் சுமையையும் மற்ற ஃப்யூஸ் சுமக்கும், அதுவும் போனால் இரவில் வண்டியின் பின்பக்கம் மொத்தமாக இருட்டு.)

அலாரத்தின் ரிலேயைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினோம். இடது விளக்குகள் உடனே அணைந்தன. ரிலேயை மேஜையில் வைத்து, எந்த ஒயரும் இல்லாமல், இரண்டு 87 பின்னிலும் மீட்டரின் இரண்டு முனையை வைத்தோம். பீப் என்றது.

இது பலரையும் ஏமாற்றும் இடம். இரண்டு 87 உள்ள 5 பின் ரிலேயில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு பின்னும் உள்ளே ஒரே தகடு. ஒரே வெளியீட்டுக்கு இரண்டு ஒயர் மாட்ட வசதியாக வைத்தது, அவ்வளவுதான். இன்னொன்றில் இரண்டும் தனித்தனி முனை, ரிலே இழுக்கும்போது மட்டும் கரண்ட் உள்ளே வரும் 30 என்ற பின்னுடன் சேரும், விட்டதும் பிரிந்துவிடும். அதில் பெரும்பாலும் ஒரு பின் 87, மற்றது 87பி என்று இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே டப்பா, ஒரே கறுப்பு. இங்கே வைத்திருந்தது முதல் வகை. முறுக்கைப் பிரித்து எடுத்தவர்கள் அதே முறுக்கை ரிலேக்குள் திரும்ப வைத்துவிட்டார்கள். அலாரத்தின் ஃப்யூஸைக் கழற்றினாலும் பயனில்லாமல் போனதற்குக் காரணமும் இதுதான். அந்த ரிலே வேலை செய்யவே வேண்டியதில்லை, சாக்கெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே இடதையும் வலதையும் பாலம் போட்டுச் சேர்த்துவிடும்.

என்ன செய்யலாம் என்று யோசித்தது

ஒரு பக்கத்தில் மட்டும் கோர்ப்பதுதான் மிகச் சுலபம். இடதில் மட்டும் அலாரம் மின்னட்டும், வலதை விட்டுவிடலாம். வண்டிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வலது பக்கமாக நடந்து வந்தால் பூட்டியதா இல்லையா என்று தெரியாது என்றார், அது சரிதான்.

பார்க்கிங் லைட்டை விட்டு இண்டிகேட்டருக்கு மாற்றலாம் என்ற பேச்சும் வந்தது. அங்கேயும் இடதும் வலதும் தனித்தனி, அங்கேயும் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். பிரச்சினை இடம் மாறுமே தவிரத் தீராது.

டயோடு போடுவது நிறையப் பேர் செய்வது. வெள்ளை ஒயரிலிருந்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. கரண்ட் போகும், திரும்பி வராது. 3 ஆம்பியர் டயோடு இந்தச் சுமைக்குப் போதும். 1 ஆம்பியர் டயோடு போதாது, வலது பக்கத்துச் சுமை மட்டுமே 2.5 ஆம்பியர் வருகிறது, தவிர ஆறிக் கிடக்கும் இழை பல்பு எரிய ஆரம்பிக்கும் கணத்தில் பத்து மடங்கு வரை கரண்ட் இழுக்கும். டயோடில் 0.8 வோல்ட் போல விழுவதால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், மின்னுவதற்கு அது போதும். எனக்குப் பிடிக்காதது வேறு. டயோடு கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். இரண்டும் அப்படி ஷார்ட் ஆனால் பழைய பாலம் திரும்பி வந்துவிடும். ஒன்று மட்டும் ஆனால், அந்தப் பக்கம் லீவரைத் தள்ளும்போது மட்டும் நாலும் எரியும், மறுபடி அதே மாயமான புகார். விளக்குகள் ஒழுங்காக மின்னிக்கொண்டே இருக்கும் என்பதால் யாரும் அங்கே போய்ப் பார்க்கவும் மாட்டார்கள்.

அதனால் இரண்டு தனி ரிலே என்று முடிவானது. ரிலேயின் முனையும் ஒட்டிக்கொள்ளும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்து விளக்கு அணையாமல் எரியும், வண்டிக்காரர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். கெட்டால் வெளியே தெரியும்படி கெடுவது நல்லது.

செய்த வேலை

பழைய ரிலேயையும் ஒயர்க்கட்டில் கடிக்க வைத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் கிளிப் கனெக்டரையும் எடுத்தோம். சாம்பல்-சிவப்பு ஒயரில் கிளிப்பின் தகடு செப்பு இழைகளில் பாதியை வெட்டியிருந்தது, மீதியில் பச்சை பூத்திருந்தது. இரண்டு இடத்திலும் வெட்டி, சுத்தம் செய்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினோம்.

சாதாரண 4 பின் ரிலே இரண்டு. இரண்டிலும் 30-க்கு பேட்டரியிலிருந்து பாசிட்டிவ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனித்தனி ஃப்யூஸோடு: இடதுக்கு 5 ஆம்பியர், வலதுக்கு 7.5. முதல் ரிலேயின் 87 சாம்பல்-கறுப்புக்கு, இரண்டாவதன் 87 சாம்பல்-சிவப்புக்கு. அலாரத்தின் வெள்ளை ஒயர் இரண்டு 86-க்கும், 85 இரண்டும் எர்த்துக்கு (86, 85 என்பவை காயிலின் இரு முனைகள்). காயிலை விடும்போது எழும் வோல்டேஜ் அலாரத்தின் உள்முனையைச் சுடாமல் இருக்க ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு சின்ன டயோடு, கோடு போட்ட பக்கம் 86-ஐப் பார்த்து.

சில அலாரங்களில் விளக்கு வெளியீடு பாசிட்டிவாக வராது, 200 அல்லது 250 மில்லி ஆம்பியர் மட்டுமே தாங்கும் நெகட்டிவாக வரும். இந்த அளவு ரிலேயின் காயில் ஒன்றே 150 மில்லி ஆம்பியர் இழுக்கும், இரண்டைச் சேர்த்து மாட்டினால் அலாரத்தின் டிரான்சிஸ்டர் போய்விடும். இங்கே அந்தக் கவலை இல்லை, உள்ளே 10 ஆம்பியர் ரிலே இருக்கிறது. வேறு அலாரம் என்றால் முதலில் அதோடு வரும் விவரத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

புது வண்டிகளுக்கு இந்த ஒயரிங் முறையை அப்படியே கொண்டுபோகாதீர்கள். விளக்குகளை பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகளில் பல்புக்குப் போகும் ஒயரில் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால், அந்த மாட்யூல் அதைக் கோளாறாகப் பதிவு செய்யலாம், உள்ளே இருக்கும் மின்னணு சுவிட்சே கெடலாம். அங்கே கேன் பஸ், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் லைன், அதன் வழியாகப் பேசும் அலாரம்தான் சரி.

அதன் பிறகு

வேலை முடிந்ததும் பழைய சோதனைகளையே திரும்பச் செய்தோம். பார்க்கிங் லைட் எரியும்போது இடது ஃப்யூஸைப் பிடுங்கினால் இடது அணைந்தது, வலதைப் பிடுங்கினால் வலதும் நம்பர் பிளேட்டும் டேஷ்போர்டும் அணைந்தன. சாவி இல்லாமல் லீவரை இடது பக்கம் தள்ளினால் மீட்டர் 0.9-க்குக் கீழே, எரிவது இரண்டே பல்பு. ரிமோட்டை அழுத்தினால் நாலு மூலையும் மின்னின.

பிறகு பேட்டரி இறங்கவில்லை. ஆனால் பேட்டரி தப்பிக்கவில்லை. வண்டி கிளப்பும் பேட்டரியை அடிமட்டம் வரை பல முறை காலி செய்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், பழைய கொள்ளளவு திரும்பாது. முழுக்க ஏற்றி ஓய்வில் விட்டால் 12.7 வோல்ட் காட்ட வேண்டியது 12.4-லேயே நின்றது. சில மாதம் ஓட்டிவிட்டு அதையும் மாற்ற வேண்டி வந்தது. அந்தப் புது பேட்டரியில் குறை எதுவும் இருந்ததில்லை, அதைக் கொன்றது நாலு பல்பு.

இனி மாறுவது

வெளி அலாரம் பொருத்திய வண்டி பேட்டரி புகாரோடு வந்தால், இப்போது கரண்ட் அளக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நிலையில் வைத்து அளப்பதில்லை. லீவர் நடுவில், இடதில், வலதில், சாவி உள்ளே, வெளியே என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். அலாரம் பொருத்தும் வேலை என்றால் முடித்ததும் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை கட்டாயம், விளக்கு மின்னியதோடு வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு 87 உள்ள ரிலே கைக்கு வந்தால் டப்பாவின் மேல் அச்சடித்த படத்தையும் பார்க்கிறோம், மீட்டரும் வைக்கிறோம். அந்தப் படம் அழிந்துபோன பழைய ரிலேக்கள் நிறையச் சுற்றுகின்றன. வண்டியை நிறுத்திய பிறகு யாராவது வெளியிலிருந்து எதையாவது பார்த்தார்களா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

லீவரால் ஒரு பக்க விளக்கு எரியும் வசதியையே துண்டித்துவிடலாமா என்று வண்டிக்காரர் கேட்டார். துண்டிக்கலாம், லீவருக்குப் போகும் ஒரு ஒயரைக் கழற்றினால் போதும். கையோடு அதையும் செய்துவிடுகிறோம் என்றோம். இருக்கட்டும், அந்தத் தெருவில் ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் நல்லதுதான் என்று சொல்லிவிட்டார். இப்போது சில இரவுகளில் தெரிந்தே லீவரைத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறாராம்.